மின்னும் பாக்கெட்டும் நம் தலையில் விழும் பழியும்

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சிப்ஸ், முறுக்குச் சரம் தொங்காத மளிகைக் கடை ஏது? அதில் காறல் வாடை அடித்தால் வாடிக்கையாளர் பாக்கெட் போட்டவரைத் தேடிப் போவதில்லை. நம் கல்லாவின் முன்தான் வந்து நிற்கிறார்.

பல நேரம் குற்றம் எண்ணெயில் இல்லை, உறையில் இருக்கிறது. உள்ளே வெள்ளிபோல் மின்னுவது அலுமினியத் தகடு அல்ல. வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கி பிளாஸ்டிக் படலத்தின்மேல் படியவிடுகிறார்கள். கனம் ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். ஈரம், காற்று, வெளிச்சம் மூன்றையும் அதுவே தடுக்கிறது. ஆனால் பாலிப்ரொப்பிலீன், தாமரை இலையைப் போல எதையும் எளிதில் ஒட்டவிடாது. எனவே 'கரோனா' என்னும் உயர் அழுத்த மின்வீச்சால் முதலில் மேற்பரப்பைப் பதப்படுத்துகிறார்கள். (நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) சரக்கு வெளியே தெரிய 'ஜன்னல்' வேண்டுமானால், அந்த இடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவிவிட்டால் உலோகம் படியாது. படிந்த பிறகு காஸ்டிக் சோடாவால் கழுவி எடுப்பதும் உண்டு.

இந்தப் பதம் நாளாக ஆக இறங்கும். வெப்பத்தில் இன்னும் வேகமாக இறங்கும். தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்த சுருளை மலிவாக வாங்கி அச்சடித்து ஒட்டினால் அடுக்குகள் பிரியாமல் என்ன செய்யும்? புதிதாக வரும் சரக்கில் ஒரு பாக்கெட்டைக் கிழித்து, ஓரத்தை நகத்தால் பிரித்துப் பாருங்கள். சுலபமாகப் பிரிந்தாலோ, டியூப் லைட்டில் காட்டும்போது ஊசித்துளைகளாக வெளிச்சம் தெரிந்தாலோ அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புவதே நல்லது.

சிறு பாக்கெட் தொழில் செய்வோரைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. அவர்களும் நம்மவர்களே. கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் சோதனை வசதி இருக்கிறது. சங்கமே முன்னின்று அவர்களை அங்கே அழைத்துச் செல்லலாம் என்பது நம் கருத்து.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-ன் 26-வது பிரிவின்படி, சில்லரைக் கடைக்காரருக்கு நீங்கள் தரும் பில்லே சரக்கின் தரத்துக்கான உத்தரவாதம். துண்டுச் சீட்டில் கணக்கெழுதி சரக்கை இறக்கிவிட்டுப் போனால், அதிகாரி மாதிரி எடுக்கும் நாளில் கடைக்காரர் எதைக் காட்டுவார்? பில் இல்லாத பாக்கெட் சரக்கை இறக்கவே விடாதீர்கள்.