தன்னிறைவு யாருடைய நிறைவு?

நெற்குப்பை என்ற பெயரிலேயே நெற்குவியல் இருக்கின்றதல்லவா, அந்தக் காலத்தில் ஊருக்கு வேண்டியதை ஊரே விளைவித்து, ஊரே நெய்து, ஊரே உண்டது, இன்றோ ஊசி முதல் உப்பு வரை அன்னியனை நம்பிப் பிழைக்கின்றோம் என்பதாகச் சிலர் பெருமூச்சு விடுகின்றார்கள். தோழர்களே! பெருமூச்சு விடுகிறவர் சாய்ந்திருக்கும் தூணை முதலில் பாருங்கள். தூண் பர்மாத் தேக்கு. தரையில் பதித்தது இத்தாலிச் சலவைக்கல். அதை வாங்கிய பணமோ ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தது. பெரிய ஆறு பாயாமல் ஊருணித் தண்ணீரை நம்பிய செட்டிநாட்டில், வெளியுலகச் சம்பந்தம் இல்லாமல் இம்மாளிகைகளில் ஒரு கதவாவது நின்றிருக்குமா என்று கேட்கின்றோம்.

வெளியாரை நம்பினால் ஆபத்தில்லையா என்பார்கள். உண்டு. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவில் நுழைந்ததும் எத்தனையோ குடும்பங்களின் லேவாதேவி கவிழ்ந்தது வாஸ்தவம். அதற்காகக் கைராட்டினத்துக்குத் திரும்புங்கள் என்பது, வண்டி குடைசாய்ந்துவிட்டது, ஆகவே இனிமேல் தவழ்ந்து போங்கள் என்று சொல்லுவதைப் போன்றதேயாகும்.

அது கிடக்கட்டும். அந்தப் பழைய தன்னிறைவு என்பதுதான் என்ன? ஊர்ப் பெரியவர் தமது துணியைத் தாமே வெளுத்தாரா? தாமே உழுதாரா? செத்த மாட்டைத் தாமே இழுத்தாரா? ஒன்றுமில்லை. வண்ணார், நாவிதர், குயவர், பறையர் என்று பெயரிடப்பட்டவர்கள் செய்தார்கள். களத்துமேட்டில் அளந்துபோட்ட நெல்லை வாங்கிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். ஆகவே அன்றும் வேலை பிரிந்தேதான் இருந்தது. பிறப்பைப் பார்த்துப் பிரித்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்குத் தையல்காரரும் மின்சார வேலைக்காரரும் டாக்டரும் ஒருவரையொருவர் நம்பிப் பிழைப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. பிடிக்காவிட்டால் வேறு வேலை கற்றுக்கொள்ளலாம். நாவிதர் மகன் டாக்டராகலாம். அதுதான் சிலருக்குக் கண்ணை உறுத்துகின்றது. 1953-இல் ஆச்சாரியார், பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளிக்கூடம், மீதிப்பொழுது அப்பன் தொழில் என்று திட்டம் போட்டாரே, அது எதற்காக? ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகல்லவா 1954-இல் அது ஒழிந்தது!

காந்தியார் தாமே மலம் அள்ளினாரே என்று ஒருவர் சொல்லக்கூடும். அள்ளினார், மறுக்கவில்லை. அவரவர் தகப்பன் தொழிலை அவரவர் செய்யவேண்டும் என்று எழுதியவரும் அவரேதான். தன்னிறைவு பேசுகின்ற கனவான்கள் தங்கள் வீட்டு மலக்குழியில் தாங்களே இறங்கட்டும். இல்லையேல் யந்திரத்தை இறக்கட்டும். மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது, 2013-இல் மறுபடியும் ஒன்று வந்தது. அதற்குப் பிறகும் குழிக்குள் விஷவாயு தாக்கிச் சாகின்றவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றார்கள்?