முகவரின் முதல் நூறு பெயர்கள்

வளாக நேர்காணல்களில் நிதி ஆலோசகர் பணிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பருவம் இது. பணி விளக்கத்தில் தவறாமல் இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு: ‘வாடிக்கையாளருடன் நீடித்த உறவை வளர்த்தல்.’ பயிற்சிக் கையேடுகள் இதனை ஒரு குணநலனாகவே கற்பிக்கின்றன. செவிகொடுத்துக் கேள், பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல், சந்தை சரியும்போது ஆறுதல் கூறு. இவற்றில் பிழையேதுமில்லை. ஆயினும், உறவு நீடிப்பதும் முறிவதும் ஆலோசகரின் இனிய சுபாவத்தைவிட, அவருக்கான ஊதியத்தை யார், எப்போது தருகிறார் என்பதையே பெரிதும் சார்ந்துள்ளன என்பது என் துணிபு.

ஆயுள் காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். மரபுவழிப் பாலிசிகளில் முதலாண்டுத் தவணையில் 35 விழுக்காடு வரை தரகு வழங்கப்பட்ட காலம் நெடியது. அடுத்த இரண்டாண்டுகளுக்கு 7.5, அதன்பின் 5 விழுக்காடு. ஆண்டுக்கு 50,000 ரூபாய் தவணை என்றால், முகவருக்கு முதலாண்டில் 17,500 ரூபாய். நான்காமாண்டில் 2,500 ரூபாய். பழைய வாடிக்கையாளரைப் பேணுவதைவிடப் புதியவரைத் தேடுவதே ஆதாயம் என்பதை அறிய எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. 2023இல் பாலிசிவாரியான தரகு உச்சவரம்பு நீக்கப்பட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கே வரம்பு என்றானது. முகவரை ஈர்க்கும் விசை மாறியதாகத் தெரியவில்லை. விளைவைக் காட்டும் அளவுகோல் ஒன்று துறையிடமே இருக்கிறது. 61ஆம் மாதத்தில் எத்தனை பாலிசிகள் உயிரோடிருக்கின்றன என்னும் கணக்கு அது. பல நிறுவனங்களில் அது பாதியளவே.

புதிய முகவர்களிடம் முதல்நாள் பயிற்சியில் நூறு பெயர்களை எழுதச் சொல்வது பரவலான வழக்கம். பெரியப்பா, அத்தை மகன், பள்ளித் தோழன், அண்டைவீட்டு ஆசிரியை எனப் பட்டியல் நீளும். இங்கே நிகழ்வது உறவை வளர்த்தல் அன்று. முன்பே வளர்ந்திருந்த உறவைப் பணமாக்குதல். பட்டியல் தீர்ந்ததும் பலர் தொழிலையே விட்டுவிடுகிறார்கள். அத்தையின் பாலிசி மட்டும் எஞ்சுகிறது, அதன் சரண் மதிப்பை விளக்க ஆளின்றி.

பரஸ்பர நிதியின் கதை இன்னும் தெளிவானது. முதலீட்டாளரின் பணத்திலிருந்து தரகுக்கெனப் பிடிக்கப்பட்ட 2.25 விழுக்காடு வரையிலான நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்டில் செபி ஒழித்தது. விற்பனையாளர் பலர், அதே வாடிக்கையாளரிடம், தரகு மிகுந்த பங்குசார் காப்பீட்டுத் திட்டங்களை எடுத்துச் சென்றனர். 2010இல் செபிக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் மூண்ட பூசல் அவசரச் சட்டம் வரை சென்றது நினைவிருக்கலாம். உறவு அப்படியே இருந்தது. பண்டம் மட்டும் மாறியது! 2018 அக்டோபரில் பரஸ்பர நிதிகளில் முன்பணத் தரகு தடைசெய்யப்பட்டு, முதலீடு நிலைத்திருக்கும் வரை ஆண்டுதோறும் வழங்கப்படும் தொடர் தரகு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. வாடிக்கையாளர் தங்கினால்தான் வருவாய் என்னும் நிலை அப்போதுதான் முழுமையாக வந்தது.

அப்படியானால் தரகே பெறாமல் கட்டணம் மட்டும் பெறும் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்? 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அவர்களுக்காகவே பிறந்தது. நாடு முழுவதும் அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரம். பரஸ்பர நிதி விநியோகஸ்தர்களோ இலட்சத்துக்கும் மேல். இதற்கு விதிகளின் சுமையை மட்டும் காரணமாகச் சொல்வது அரைகுறையான விடை. நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆலோசனைக்கு விலை கொடுக்கும் பழக்கமில்லை. நேரடித் திட்டத்துக்கும் விநியோகஸ்தர்வழித் திட்டத்துக்கும் செலவில் ஒரு விழுக்காடு வேறுபாடு எனக் கொண்டால், பத்து இலட்சம் வைத்திருப்பவர் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் அறியாமலேயே செலுத்துகிறார். அதே தொகையைக் காசோலையாகக் கேட்டால் ஆலோசகரைப் பேராசைக்காரர் என்பார். (நம் பேராசிரியர்களும் இதற்கு விலக்கல்லர்.)

ஆகவே இத்தொழிலை நாடும் மாணவர்க்கு ‘பேசும் திறனை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. நேர்காணலில் உங்களிடம் கேள்விகள் முடிந்ததும், நீங்களும் மூன்று கேளுங்கள். எனக்கான ஊதியத்தில் புதிய விற்பனையின் பங்கு எவ்வளவு? உங்கள் 61ஆம் மாதக் கணக்கு என்ன? நான் விலகினால் என் வாடிக்கையாளரை யார் கவனிப்பார்? மூன்றாவது கேள்விக்கு எதிரிலிருப்பவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள்.