வேகத்தைக் காதாலும் அளக்கலாம்

உண்டிவில், நம் பேச்சில் 'லாஸ்திக்'. அதிலிருந்து பாயும் களிமண் உருண்டையின் வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கைப்பேசியின் ஒலிப்பதிவு போதும். ரப்பர் விடுபடும்போது ஒரு சத்தம்; 10 மீட்டர் தள்ளியுள்ள தகர டின்னில் உருண்டை மோதும்போது இன்னொரு சத்தம். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் இரண்டும் முகடுகளாகத் தெரியும். உருண்டை 0.25 விநாடியில் டின்னை அடைந்தால், அதன் சராசரி வேகம் விநாடிக்கு 40 மீட்டர்; மணிக்கு 144 கிலோமீட்டர்!

ஆனால், கைப்பேசி எங்கே இருந்தது? எய்பவர் அருகில் இருந்தால், மோதிய சத்தம் அங்கு வந்து சேரவே சுமார் 0.03 விநாடி பிடிக்கும். அதைக் கழிக்காவிட்டால் விடை 36 ஆகிவிடும். இருவருக்கும் பொதுவாக, சரிபாதித் தூரத்தில், பாதையிலிருந்து சற்று விலக்கி வைத்தால் இரு சத்தங்களும் ஒரே அளவு தாமதமாகும். பிழை தானாகவே நீங்கும்.

செய்முறை அறிக்கைகளில் 'மனிதப் பிழை' என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கத்தை நான் பல்கலைக்கழகத்திலும் பார்க்கிறேன். அது பதிலன்று. பிழை எங்கிருந்து வந்தது, எவ்வளவு, எப்படிக் குறைப்பது என்று கேட்பதுதான் அறிவியல்.

ஓர் எச்சரிக்கை: இந்த வேகம் கண்ணைப் பறித்துவிடும். ஆசிரியரின் மேற்பார்வை, பாதுகாப்புக் கண்ணாடி, டின்னுக்குப் பின்னால் தடுப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். அவை இருந்தால், தம்பி தங்கைகளே, அடுத்த அறிவியல் விழாவுக்கு உங்கள் ஆய்வு தயார்.