மலைக்குப் போகிற உடம்புக்குச் சீனி வராதாம்

ஹாலிஎல கடைத்தெருவில் பதுளை பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்துக்குள் இந்தப் பேச்சைக் கேட்டுவிடலாம். பிளேன்டீக்குள் மூன்று கரண்டி சீனியைக் கொட்டிக் கலக்கியபடியே ஒருவர் சொல்வார்: "சீனி வருத்தமெல்லாம் கந்தோருல குந்தியிருக்கிறவங்களுக்குத்தான் அண்ணே. நாங்க மலைக்குப் போறவங்க. எங்க உடம்புல அது தங்காது." பக்கத்தில் நிற்பவர் தலையாட்டுவார். "எங்க பாட்டி எண்பது வயசு வரைக்கும் கொழுந்துக் கூடையோட இருந்தாவே, அவவுக்கு என்ன வந்துச்சு?"

தேநீர்க்கடையோடு நின்றால் விட்டுவிடலாம். படித்தவர்களும் இதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொல்கிறார்கள். தோட்டத்து மக்கள் மெலிந்தவர்கள், உழைப்பாளிகள். அவர்களுக்குப் போசாக்கின்மைதான் பிரச்சினை, நீரிழிவு நகரத்துக் கவலை என்கிறார்கள். யாருக்கு இந்த வருத்தம் வரக்கூடும் என்று முன்கூட்டித் தேடும்போது தோட்டம் கடைசி வரிசைக்குப் போய்விடுவதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம்.

இந்தப் பேச்சில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வேலை செய்கிற தசை, இன்சுலின் தள்ளிவிடாமலே இரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். வடக்கு, கிழக்கு நீங்கலாக ஏழு மாகாணங்களில் 2005, 2006 ஆண்டுகளில் நடந்த நீரிழிவு ஆய்வில் நகரத்து வளர்ந்தோரில் 16.4 வீதத்தினருக்கும் கிராமத்து வளர்ந்தோரில் 8.7 வீதத்தினருக்கும் நீரிழிவு இருந்தது. உழைப்பும் கிராமமும் காப்பாற்றத்தான் செய்கின்றன. ஆனால் 8.7 என்றால் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். அதை 'வராது' என்று யாரும் படிக்க முடியாது. அதற்குப் பிறகு 2018, 2019இல் நாடளாவிய சுகாதார, முதுமை ஆய்வு வந்தது. அதில் நீரிழிவு உள்ளவர்கள் 23 வீதம், அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 30.5 வீதம். இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் அளக்கவில்லை. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இவ்வளவு கூடியது என்று சொல்லமாட்டேன். வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் ஏதோ ஒரு பக்கத்தில் மாட்டியிருக்கிற நாட்டில், ஹாலிஎலயைச் சுற்றியுள்ள மலைகள் மட்டும் வேலி போட்டுத் தப்பிக்கொள்ள வழியில்லை என்று மட்டும் சொல்வேன்.

அடுத்தது, மலைக்குப் போகிறவர் யார்? ஒரு லயத்துக் காம்பிராவை எட்டிப் பாருங்கள். பாட்டி பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கிறார். மகன் பண்டாரவளையில் ஓட்டோ ஓட்டுகிறார். தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறார், வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு வருவார். மகள் ஆடைத் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். மலைக்குப் போய்ப் பேர் போடுவது மருமகள் ஒருத்திதான். ஒருத்தியின் கால் உழைப்பை வைத்து ஐந்து பேரின் இரத்தத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். பாட்டியின் கதைதான் இன்னும் மோசம். முப்பது, நாற்பது வருடம் மலை ஏறியவர் ஒரு நாள் நின்றுவிடுகிறார். தட்டில் விழுகிற கோதுமை மா ரொட்டியின் எண்ணிக்கை மட்டும் நிற்பதில்லை. உழைப்பு போட்டிருந்த பூட்டு, வயது ஏறி ஆபத்து கூடுகிற அதே நேரத்தில் கழன்று விழுகிறது.

'மெலிந்த ஆள்' என்ற வாதம்தான் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. பாதி உண்மை என்பதால் அதை உடைப்பதும் கஷ்டம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004இல் 'லான்செட்' சஞ்சிகையில் தங்கள் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கில் இரண்டு பேரும் ஒன்றுதான்: 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தராசு இரண்டு பேரையும் ஒரே ஆளாகக் காட்டியது. நம்மவர்களின் கொழுப்பு கையிலும் காலிலும் தெரியாமல் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றி ஒளிந்துகொள்கிறது. கை ஒல்லியாக, கால் ஒல்லியாக, சாரத்துக்கு மேலே மட்டும் ஒரு சிறு தொப்பை இருக்கும். அதைப் பார்த்து யாரும் 'குண்டு ஆள்' என்று சொல்வதில்லை. இதனால்தான் தெற்காசியருக்கு இடுப்பளவின் எல்லையை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். தராசைவிட தையற்காரரின் நாடா இங்கே நம்பகமான சாட்சி.

இந்த ஒல்லியான கொழுப்பு கருப்பையிலேயே தொடங்குகிறது. புனே கிராமங்களில் யாஜ்னிக் குழுவினர் அளந்த சிசுக்களின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5. புனேக் குழந்தைகளிடம் தசை வெகுவாகக் குறைந்திருந்தது, தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு கூடுதலாக வருவதை ஹேல்ஸும் பார்க்கரும் 1992 வாக்கிலேயே எடுத்துச் சொல்லியிருந்தார்கள். இலங்கையில் எடை குறைந்த பிறப்பு எங்கே அதிகம் என்று கேட்டால், மக்கள்தொகை சுகாதாரக் கணக்கெடுப்புகள் கைகாட்டுவது தோட்டப் பகுதியைத்தான். ஆகவே 'போசாக்கின்மைதான் பிரச்சினை, நீரிழிவு இல்லை' என்பது ஒரே வருத்தத்தின் தலையையும் வாலையும் இரண்டு பாம்புகள் என்று சொல்வது போன்றது.

"எங்க பரம்பரையில இல்லை" என்பது இன்னொன்று. பாட்டிக்குச் சீனி இருந்ததா என்று யார் பார்த்தார்கள்? காலில் ஆறாத புண், திடீர் மாரடைப்பு, 'வாதம் அடிச்சுப் போச்சு' என்று எழுதிய மரணங்களுக்குள் எத்தனை சீனி ஒளிந்திருக்கிறதோ! 'இல்லை' வேறு, 'பார்க்கவில்லை' வேறு. இந்த வேறுபாடு கணக்கையே மாற்றும். சென்னையில் மருத்துவர் மோகனின் குழுவினர் 2005இல் ஓர் ஆபத்துப் புள்ளிமுறையை வெளியிட்டார்கள். இரத்தம் எடுக்காமலே நான்கு கேள்வியில் போடுகிற கணக்கு அது. வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நீரிழிவு என்பவைதான் அந்த நான்கு. 60 புள்ளியும் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம். 52 வயதுக் கொழுந்துப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 30, இடுப்பு 85 சென்டிமீட்டர் என்பதற்கு 10. கடும் உழைப்பாளி, அதனால் அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை என்றே வைப்போம். தாய் தகப்பனுக்கு இருந்ததா? 'இல்லைங்க.' மொத்தம் 40, நடுத்தர ஆபத்து, வீட்டுக்குப் போகலாம். இருவருக்கும் இருந்து, அது தெரியாமல் போயிருந்தால்? இன்னும் 20 சேர்ந்து 60. அதே பெண், அதே உடம்பு. இந்தப் புள்ளிமுறை சென்னை நகரத்து மக்களை வைத்துச் செய்யப்பட்டது, நல்ல கருவிதான். ஆனால் பெற்றோரின் நோய் பதிவாகாத லயத்தில் அதைக் கொண்டுவந்து போடும்போது, 'தெரியாது' என்ற பதிலைப் பூச்சியமாக எழுதுகிற பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

"சீனி குறைச்சுத்தான் போடுறேன்" என்பதற்கு நீளமாகப் பதில் தேவையில்லை. வெள்ளை மா ரொட்டியும் சோறும் வயிற்றுக்குள் போனதும் ஆவது அதே குளுக்கோஸ்தான்.

"வந்தால் தெரியாதா?" தெரியாது. 2005, 2006 ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், 36 வீதத்தினர், அன்றுவரை அதை அறிந்திருக்கவில்லை. தாகமும் அடிக்கடி சிறுநீரும் வருவது சீனி நன்றாக ஏறிய பிறகு. அதற்கு முந்திய கட்டத்தில், வெறும் வயிற்றில் 100க்கும் 125க்கும் இடையில் நிற்கும்போது, உடம்பு வாயே திறப்பதில்லை. சிலரிடம் மட்டும் ஓர் அடையாளம் தெரியும்: பின்கழுத்தில் வெல்வெட் துணி போலத் தடித்த கறுப்பு. அதை அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறவர்கள் உண்டு. தேய்த்துப் போகாது, அது இன்சுலின் வேலை செய்ய முடியாமல் திணறுவதன் அடையாளமாக இருக்கக்கூடும்.

அதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று வீட்டு ட்ரங்குப் பெட்டியிலேயே கிடக்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மிட்வைஃப் அம்மா எழுதிக் கொடுத்த கர்ப்பிணி அட்டை. அந்தக் காலத்தில் சீனி கூடியிருந்தது என்று அதில் எழுதியிருந்தால், அந்தத் தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடும். "சரியாப் போச்சு" என்று அட்டையை மடித்து வைத்துவிடுவார்கள். புதிதாக யாரையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அந்த அட்டைகளைத் திருப்பிப் பார்த்தாலே போதும்.

கடைசியாக ஒரு நியாயமான மறுப்பு வரும்: கண்டுபிடித்துத்தான் என்ன? இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் ஆபத்து அதிகமானவர்களைத் தேடிச் சோதித்த பெரிய ஆய்வில், பத்து வருட அளவில் மரணங்கள் குறையவில்லை என்று 2012இல் அறிவித்தார்கள். ஆளைக் கண்டுபிடித்துப் பட்டியலில் எழுதுவதால் மட்டும் யாரும் பிழைப்பதில்லை. பட்டியலுக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதற்குச் சென்னையில் ஒரு பதில் உண்டு. மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வாசற்படியில் நின்ற 531 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சும்மா விட்டவர்களில் மூன்று ஆண்டில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குள் விழுந்தார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொல்லி விடாமல் பின்தொடர்ந்தவர்களில் 39 பேர். பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதினாறு பேரில் ஒருவர் நம் வீட்டில் இருந்தால் அது சின்ன எண்ணாகத் தோன்றாது.

ஆகவே என் சண்டை தேநீர்க்கடைக்காரரோடு முடிந்துவிடுவதில்லை. 2011 முதல் அரசாங்கம் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைத் திறந்து, முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை இலவசமாகச் சோதிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வெறும் வயிற்றுச் சோதனை என்பது வார நாளின் காலை நேரம். குளுக்கோஸ் கரைசலைக் குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருப்பதென்றால் மலைக்குப் போகிற நேரம் தாண்டிவிடும். பிந்திப் போனால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். 'வராது' என்று நம்புவது அறியாமையால் மட்டும் வரவில்லை, அப்படி நம்பினால் அந்த நாள் சம்பளம் மிஞ்சுகிறது.

விடியற்காலையில் ஆட்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கிற இடம் பிரட்டுக்களம். முதல்நாள் சாயங்காலமே, "நாளைக்குத் தேத்தண்ணி குடிக்காம வாங்க" என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு நாடாவும் விரல் குத்துகிற கருவியும் கொண்டுபோய், பென்ஷன் எடுத்தவர்களையும் அழைத்து நிறுத்தினால் முதற்கட்டச் சோதனை முடிந்துவிடும். சந்தேகமானவர்களைப் பிறகு பதுளைக்கு அனுப்பலாம். அப்படி அனுப்புகிற நாளுக்குத் தோட்டம் முழுப் பேர் போடுமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த கணக்கப்பிள்ளை ஒருவர் சிரித்தார். பிறகு, "துரைகிட்ட கேட்டுப் பார்க்கலாம்" என்றார்.