அடுப்படிக்கு 'தும் தும்' மட்டும்

"பொண்ணுங்களுக்கு சவுண்ட் சிஸ்டம் பத்தி என்ன தெரியும்?" போன வாரம் திருச்செந்தூர் பஸ்ல நம்ம பி.காம் பயலுவ ரெண்டு பேரு பேசிக்கிட்டு வந்தானுங்க. பஸ்ல சண்டை போட முடியல. இங்க போடறேன் :-)

அவனுங்க சொன்ன ஆதாரம்: ஆம்ப்ளிஃபயர் வாங்க எந்தப் பொண்ணும் கடைக்கு வர்றதில்லயாம். அட மக்கா, முதல் வருஷ எகனாமிக்ஸ் மறந்து போச்சா? வெறும் ஆசை 'டிமாண்ட்' ஆகாது, கையில காசும் வேணும்னு படிச்சோமே! காசு இல்ல, தனி ரூம் இல்ல, ஒரு மணி நேரம் சும்மா உக்கார நேரமும் இல்ல. அவங்க வாங்கலைங்கிறதை வச்சு ஆசையே இல்லைன்னு கணக்கு எழுதினா, எந்த ஆடிட்டர் கையெழுத்து போடுவார்?

எங்க ஆறுமுகநேரி வீட்டுக் கதையச் சொல்றேன். அண்ணன் அசெம்பிள் பண்ணின செட் ஹால்ல இருக்கு. ரெண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்துல உக்காந்தாதான் ஸ்டீரியோ சரியா கேக்கும். அந்த இடத்துல அண்ணன் நாற்காலி. அம்மா அடுப்படியில. நடுவுல ஒரு சுவர். சுவர் என்ன பண்ணும் தெரியுமா? வயலின், பாடுறவங்க உச்சரிப்பு எல்லாத்தையும் தடுத்துட்டு, பேஸை மட்டும் அந்தப் பக்கம் விடும். ஆக, வருஷக்கணக்கா அம்மாவுக்குக் கிடைச்சது 'தும் தும்'. "ஏல, சத்தத்தக் கொறைல"ன்னு அவங்க சொன்னா, "பொம்பளைங்களுக்கு ரசனை இல்ல"ன்னு தீர்ப்பு!

ஒருநாள் அண்ணன் ஊர்ல இல்ல. அம்மாவை அந்த நாற்காலியில உக்கார வச்சு ஒரு பழைய இளையராஜா பாட்டு போட்டேன். முழுசா கேட்டாங்க. "ஏட்டி, இதுல பின்னால ஒரு புல்லாங்குழல் போகுதே... இத்தன வருஷம் தெரியலையே"ன்னாங்க. எனக்குப் பேச்சே வரல.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்ல. 1983ல அமெரிக்காவோட ஸ்டீரியோஃபைல் பத்திரிகையில லாரி கிரீன்ஹில் எழுதின ஒரு வார்த்தை இன்னிக்கும் ஓடுது: 'ஒய்ஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர்'. அதாவது, இந்தப் பெட்டியை வீட்டுக்குள்ள விட மனைவி சம்மதிப்பாளா? மனைவின்னா வாசல்ல நிக்கிற காவல்காரி, பாட்டு கேக்குறவ இல்லயாம். 1902ல கல்கத்தாவுல கிராமபோன் குழல் முன்னால நின்னு பாடினவங்கள்ல கௌஹர் ஜான் ஒருத்தர். தமிழ்ப் படங்களுக்கு சவுண்ட் இன்ஜினியரா உக்காந்தவர் கீதா குரப்பா. பாடலாம், பதிவு பண்ணலாம்... உக்காந்து கேக்க மட்டும் காது கிடையாதா?

இப்போ ஆடியோ பிரியர்களுக்கு ஒரு கேள்வி. அண்ணனோட ஃப்ரெண்ட்ஸ் வந்தா எந்தப் பாட்டும் முப்பது செகண்டுக்கு மேல ஓடாது. "பேஸ் பாத்தியா?" அவ்வளவுதான், அடுத்த பாட்டு. அப்புறம் எத்தனை வாட்ஸ், என்ன விலை. இது பாட்டு கேக்குறதா, வாங்கின பெட்டியைக் காட்டுறதா? எல்லாரையும் சொல்லல. தானே மரம் அறுத்துப் பெட்டி செஞ்சு, ராத்திரி தனியா கண்ண மூடிக் கேக்குறவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு கும்பிடு.

மத்தவங்க, எங்க ரசனையைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல அந்த நாற்காலியை விட்டு எந்திரிங்க. ஒரு பாட்டு ஓடுற நேரம் அடுப்படியில நின்னு, உங்க செட் எப்படிக் கேக்குதுன்னு பாருங்க.

டிஸ்கி: அண்ணன் இதைப் படிச்சா ரிமோட்டை ஒளிச்சு வச்சிருவான். அது எங்க இருக்கும்னு அம்மாவுக்குத் தெரியும்!