அட்டவணையில் கைவைத்த தலைமையாசிரியர்

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் இருக்கிறது லொரேட்டோ டே ஸ்கூல். அயர்லாந்திலிருந்து 1956-இல் இந்தியா வந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் சிரில் மூனி 1979-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று, 2011 வரை நடத்தினார். ஆங்கிலவழிப் பெண்கள் பள்ளி. 1990-களின் இறுதியில் அங்கே படித்த சுமார் 1,400 பேரில் ஏறத்தாழ பாதிப் பேர் கட்டணம் செலுத்தாத ஏழைக் குழந்தைகள். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் கேட்ட கல்வி உரிமைச் சட்டம் 2009-இல்தான் வந்தது. இதுபோன்ற சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சிரிலை எந்தச் சட்டமும் நெருக்கவில்லை.

இடம் கொடுப்பது பாதி வேலைதான். இலவச இடத்தில் சேர்ந்த பிள்ளை யாரோடும் ஒட்டாமல் கடைசி பெஞ்சிலேயே படிப்பை முடிப்பது நமக்குத் தெரியாததா? சிரில் கைவைத்தது நேர அட்டவணையில். நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் வாழ்ந்த குழந்தைகளுக்கு ‘ரெயின்போ’ என்றொரு ஏற்பாடு செய்தார். அவர்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் வரலாம். ஐந்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் மாணவியர், ‘வொர்க் எஜுகேஷன்’ பீரியடில் ஆளுக்கொரு குழந்தையை உட்காரவைத்து எழுத்தும் கணக்கும் சொல்லித்தர வேண்டும். ‘விருப்பமுள்ளவர்கள் சாயங்காலம் வாருங்கள்’ என்று சுற்றறிக்கை விட்டிருந்தால் ஒரு மாதத்தில் ஓய்ந்திருக்கும். பாடவேளைக்குள் வைத்ததால் அது பள்ளியின் அன்றாடம் ஆனது.

எதேச்சதிகாரம், ஜனநாயகம், தலையிடாமை என்று உளவியலாளர் கர்ட் லெவினும் சகாக்களும் 1939-இல் வகுத்த தலைமைப் பாணிகளை எழுதாமல் பி.எட். தேர்வைத் தாண்டியவர் குறைவு. சிரிலை இதில் எந்தக் கட்டத்தில் அடைப்பது? அட்டவணையை மாற்ற அதிகாரம் வேண்டும். பத்து வயதுச் சிறுமியிடம் இன்னொரு குழந்தையின் படிப்பை ஒப்படைக்க நம்பிக்கை வேண்டும். அவரிடம் இரண்டும் இருந்தன. 1963-இல் ஆய்வாளர்கள் ஹால்பினும் கிராஃப்டும் பள்ளிச் சூழலைத் ‘திறந்தது’ முதல் ‘மூடியது’ வரை அளந்தபோது ஆசிரியர்களைத்தான் கேட்டார்கள். கடைசி பெஞ்சைக் கேட்டிருந்தால் வேறு விடைகள் வந்திருக்கலாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சிரிலுக்கு ஒரே பள்ளியில் 32 ஆண்டுகள் கிடைத்தன. நம் ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர் வகுப்பும் எடுத்து, சத்துணவையும் கவனித்து, ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் இணையதளப் பதிவேற்றத்தோடும் மல்லுக்கட்டுகிறார். நடுவே மாறுதல் உத்தரவும் வரும். மேற்கு வங்கத்திலோ நியமன ஊழல் வழக்கில் 2025 ஏப்ரலில் 25,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர், ஊழியர் நியமனங்கள் உச்ச நீதிமன்றத்தால் ரத்தாயின. வகுப்புக்கு ஆள் தேடும் தலைமையாசிரியரிடம் போய்ச் ‘சூழலை மேம்படுத்துங்கள்’ என்றால் அவர் எரிச்சல்படுவது நியாயம்.

தலைமைப் பண்புப் பயிற்சி முகாம்களுக்குக் குறைவில்லை. முகாம் முடிந்து ஊர் திரும்பும் தலைமையாசிரியருக்கு, வாரத்தில் இரண்டு பீரியடைத் தன் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கல்வித் துறை எழுத்துபூர்வமாகத் தரட்டும். எமிஸ் வேலைக்கு வேறு ஆள் போடட்டும். ஐந்தாண்டுகளாவது அவரை அதே பள்ளியில் விட்டுவைக்கட்டும்.