இளவேனிலும் இளங்கைகளும்

தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் இளவேனிலுக்கு உரியவை மேழம், விடை எனும் சித்திரையும் வைகாசியும் ஆகும். மாமரம் காயால் தாழ்ந்தும், வேம்பு வெண்பூச் சொரிந்தும், பனை நுங்கும் பதனீரும் தந்தும் நிற்கும் காலம் இது. பள்ளி விடுமுறையும் இப்பொழுதிலேயே வருகின்றது. மரங்கள் நிறைந்து கொடுக்க, சிறுவர்தம் கைகள் ஓய்ந்திருக்கும் இத்திங்கள்களில், தமிழகத்துப் பெற்றோர் பலர் தம் மக்களுக்குத் தருவது என்ன? விளையாடக் கடையில் வாங்கிய நெகிழிப் பாவை. அது சலித்தபின் கைப்பேசி. வெயிலுக்குப் புட்டியில் அடைத்த வண்ண நீர். மூன்றும் விலைக்கு வந்தவை. அவற்றுள் சிறுவன் தன் கையால் ஆக்கியது ஒன்றேனும் உண்டா?

இதனைச் சிறிய செய்தியென்று கருதுவோர் ஒரு கணக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழகத்தின் மாநில மரம் பனை. செங்கற் சூளைகளுக்கு விறகாகப் பல்லாண்டுகள் அது வெட்டி வீழ்த்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசின் வேளாண் வரவு செலவுத் திட்டத்தில், 30 மாவட்டங்களுக்கு 76 இலக்கம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும், மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் அறிவிக்கப்பட்டன. இது நல்ல முயற்சியே. ஆயினும், ஊன்றிய பனை பாளை விடப் பதினைந்து ஆண்டுகளேனும் ஆகும் என்பதைச் சிற்றூர் உழவர் யாவரும் அறிவர். 2021-இல் ஊன்றிய விதை, 2036-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் பயன் தரும். அன்று அதில் ஏறுவோர் யார்? அதன் ஓலையை வாரத் தெரிந்தோர் யார்? இன்று எட்டு அகவையும் பத்து அகவையும் உடைய சிறுவரும் சிறுமியருமே அன்றைய தமிழர். அவர்தம் கைக்கு ஓலை பழகவில்லையெனில், விதைத்த மரம் விறகுக்கே வளரும். பயன் தெரிந்த மரத்தை எவனும் எளிதில் வெட்டான். பயன் மறந்த மரத்தைச் சட்டம் ஒன்றே நெடுநாள் காத்துவிடாது.

ஆதலின் பனையைக் காக்கும் பணி, இளவேனில் விடுமுறையில், வீட்டுத் திண்ணையில் தொடங்குதல் வேண்டும்.

அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரு விரல் அகலத்தில் வார்ந்து வைத்தால் அதுவே கருவி, அதுவே பொருள். ஒரு சாண் நீளத் துண்டுகள் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக மடித்துக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்திச் சோளத் தட்டையின் நுனியில் செருகினால் காற்றாடி ஆயிற்று. இதழ் நான்கும் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் காற்றுப் பிடிக்காது. இரண்டு முறை பிழைத்து மூன்றாம் முறை தானே கண்டறியும் சிறுவன், விசையின் முதற் பாடத்தை நூலின்றிக் கற்றவன் ஆகின்றான். நான்கைந்து துண்டுகளைச் சிறு பெட்டியாகப் பின்னி, உள்ளே கூழாங்கல் இரண்டை இட்டு மூடினால் தொட்டிற் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை. நுங்கு தின்று எறிந்த கூடுகள் இரண்டைக் குச்சியால் இணைத்துக் கவைக் கோலால் தள்ளினால் வண்டி. குருத்தைத் தொடர்ந்து வெட்டினால் மரம் நலியும் என்பதையும், அளவறிந்து கொய்ய வேண்டும் என்பதையும் அப்பொழுதே அவர்களுக்குச் சொல்லித்தருதல் வேண்டும்.

வண்ணத்திற்குக் கடையை நாட வேண்டுவதில்லை. மஞ்சள் இட்டுக் கொதித்த நீரில் ஓலையைத் தோய்த்தால் பொன்னிறம். அந்நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பு. கடுக்காய் ஊறிய நீரில் துருவேறிய இரும்பை இட்டு வைத்தால் கருமை. தோய்த்த ஓலையை நிழலில் உலர்த்துதல் நன்று. வெயிலில் மஞ்சள் நிறம் வெளுத்துவிடும். குழந்தை வாயில் வைக்கும் கிலுகிலுப்பைக்குச் சுண்ணாம்பும் கருஞ்சாயமும் ஆகா. மஞ்சள் ஒன்றே போதும். செட்டிநாட்டுப் பெண்டிர் வண்ண ஓலையால் முடையும் கொட்டான்கள் இன்று புவிசார் குறியீடு பெற்றுப் பெருமையடைந்துள்ளன. அவையும் வீட்டு மகளிர் கைப்பழக்கமாக வளர்ந்தவையே அல்லவா?

கைவினைக்குப் பனை என்றால், உணவுக்கும் பனையே முன் நிற்கின்றது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதனீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. 1 பங்கு கருப்பட்டியை 5 பங்கு நீரில் கரைத்து வடித்து, எலுமிச்சைச் சாறும், சுக்குப் பொடியும், ஏலமும் சேர்த்து மண்பானையில் வைத்தால் பானகம். அடுப்பும் வேண்டா, ஏழு அகவைச் சிறுமியும் தனியே செய்வாள். 1 பங்கு தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, 3 பங்கு நீர் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு, உப்பிட்டால் நீர்மோர். புட்டி நீருக்குக் கொடுக்கும் காசில் தெருவே பருகலாம்.

வேம்பின் கீழ் விடியற்காலையில் துணி விரித்து வைத்தால் பூ தானே உதிர்ந்து சேரும். அதனை உலர்த்தி வைத்துக்கொண்டு, நெய்யில் வறுத்துச் சோற்றில் பிசைந்தும், சாறு வைத்தும் ஆண்டு முழுவதும் உண்ணலாம். புளிப்பு மாங்காயை வேகவைத்து, வெல்லமும் உப்பும் மிளகாயும் சேர்த்து, வறுத்த வேப்பம்பூவை மேலே தூவினால் பச்சடி. இனிப்பும் கசப்பும் ஒரே வாயில் உண்ணப் பழகிய பிள்ளை, பின்னாளில் கசப்பைக் கண்டு முகம் சுளிக்காது.

இவற்றுள் வீட்டார் அனைவரையும் ஒருங்கு கூட்டுவது வற்றல் போடுதலே. 1 பங்கு அரிசி மாவுக்கு 5 பங்கு நீர் கொதிக்கவைத்து, உப்பும் சீரகமும் அரைத்த மிளகாயும் இட்டுக் கூழ் காய்ச்சி, ஆறுமுன்னே வெள்ளைத் துணியில் கரண்டியால் வார்த்து, 3 நாள் கடுவெயிலில் காயவிடுதல் வேண்டும். பாட்டி கூழின் பதம் பார்க்க, தாயும் தந்தையும் வார்க்க, சிறுவர் கோலேந்திக் காக்கை ஓட்டுவர். மழைக்காலத்தில் அவ்வற்றல் பொரியும்போது, அதில் தம் பங்கும் உண்டென அவர்கள் அறிவர்.

இவ்வினைகளோடு மொழியும் காக்கப்படுகின்றது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் எனப் பிரித்து, மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை என அவற்றின் உறுப்புப் பெயர்களையும் எண்ணிக் காட்டுகின்றது. அப்பெயர்கள் ஏட்டினின்று கற்கப்பட்டு இதுகாறும் வாழவில்லை. ஓலையைத் தொட்ட கைகளும் அழைத்த வாய்களுமே அவற்றைக் காத்தன. குருத்தோலைக்கும் சாரோலைக்கும் காவோலைக்கும் வேறுபாடு அறியாத தலைமுறை, அச்சொற்களை அகராதியில் கண்டாலும் பொருள் உணராது.

இவற்றை அறிந்தோர் இன்னும் ஊர்தோறும் உள்ளனர். ஆனால் அவர்கள் முதியோர். ஓலை முடைதலையும் மரம் ஏறுதலையும் இழிதொழிலென ஒதுக்கிய மடமையால், அவர்தம் மக்களே அதனைக் கற்கவில்லை. கடகம் முடையும் பாட்டியின் கையில் உள்ளது எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. எழுதினாலும் விரல் கற்றாலன்றி வாராது. ஒரு தலைமுறை கற்கத் தவறினால் அடுத்ததற்குக் கற்பிக்க ஆளிராது.

2019 சனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் தமிழகத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. தடைக்குப் பின்னும் அவை தெருவில் கிடப்பதற்கு ஒரு கரணியம், அவற்றின் இடத்தில் வைக்கத்தக்க பொருளை ஆக்கும் கைகள் குறைந்துபோனமையாகும். பட்டையும் பெட்டியும் கொட்டானும் வீட்டில் பின்னப்படின், நெகிழிப் பைக்கு அங்கு வேலை இல்லை.

எனவே, பெற்றோர் இவ்விளவேனிலில் தம் மக்களை முடையத் தெரிந்த முதியோர்பால் அழைத்துச் சென்று அமர்த்துக! அம்முதியோர்க்கு உரிய மதிப்பும் ஊதியமும் அளித்திடுக! ஆசிரியர், விடுமுறைப் பணியாகத் தாளில் எழுதச் சொல்வதைவிட ஒரு காற்றாடி செய்து வரச் சொல்லுக! இளைஞர், ஊர்ப்புறப் பனைகளை எண்ணிக் குறித்து, வெட்ட வருவோரைத் தடுத்து நிறுத்துக! ஒரு வீட்டில் ஒரு சிறுமி ஒரு கொட்டானைப் பின்னி முடிப்பாளாயின், 2036-இல் பாளை விடும் பனைக்கு ஓர் உறவு இன்றே பிறந்ததாகும்.